தாணு அண்ணாச்சி படத்துக்குப் போட்ட மாலை

நான் கும்பிடுகிற அய்யா கூட இருக்கட்டும் என்று நெற்றியைத் தொட்டுக்கொண்டு எழுத உட்கார்கிறேன். ஃபிரேம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, சட்டத்தை எப்படி மூலை சேர்த்து வெட்டுவது, கண்ணாடியில் கைத்தடம் விழாமல் எப்படித் தூக்குவது என்பதையெல்லாம் இதில் தேடாதீர்கள். அதைக் கை தானாகவே படித்துக்கொள்ளும். நாலைந்து கண்ணாடி உடைந்தால் இன்னும் சீக்கிரம் படித்துக்கொள்ளும். கடைக்குள் வந்திருப்பது என்ன வகைப் படம் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரே கடையில் வேலை பார்த்து, கண்ணில் புரை விழுந்த பிறகு வீட்டோடு இருக்கிறேன். இதை எழுதுவதற்கு முதலாளியிடம் சம்மதம் கேட்டேன். "உள்ளத எழுதும். எம் பேரு மட்டும் வேண்டாம்" என்றார். எனவே முதலாளி என்றே எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு நெடுநாளாக இரண்டு வகைப் படம்தான் வந்துகொண்டிருந்தது. கும்பிடுகிற படம், அழுகிற படம். சாமிக்கு அகலமான தங்கக் கலர் சட்டம். தவறிப்போனவர்களுக்கு அடக்கமான பழுப்புச் சட்டம், மாலை மாட்ட மேலே இரண்டு கொக்கி, கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு. கல்யாணப் படங்களை ஸ்டுடியோக்காரர்களே முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

தவறிப்போனவர்கள் படம் வந்தால் முதலாளிக்கு ஒரு முறை உண்டு. ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். கொண்டு வந்தவர் முகத்தைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், வாங்கி வைப்பார். யாரு, என்ன சீக்கு, எப்பம் ஆச்சு, ஒன்றும் கிடையாது. "நூறு பேருக்குப் பதில் சொல்லி நாக்கு வறண்டு வந்திருப்பாவ. இங்கயாவது சும்மா நிக்கட்டும்" என்பார். நானும் அப்படியே பழகிவிட்டேன். நல்ல பழக்கம். அந்த நல்ல பழக்கம்தான் எங்களைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

மூன்றாவது வகைப் படத்தை முதன்முதலாகக் கொண்டுவந்தது அனிஷா. தக்கலைப் பக்கத்துப் பெண். சிறு பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்கு வீட்டில் இருந்தபடியே படம் வரைந்து கொடுப்பவள். ஒரு நீளக் குழாயிலிருந்து தாளை உருவி மேஜையில் விரித்தாள். திருவனந்தபுரம் போகிற பஸ். மனுஷர்கள் எல்லாம் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள். ஜன்னல் சீட்டில் ஒரு ஆடு உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்க்கிறது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கிழிக்கிறார்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன மக்ளே?"

"ஆடு, மாமா."

"ஆடுன்னு தெரியுது. எந்தக் கோயில் ஆடு?"

"கோயில் ஆடு இல்ல. சும்மா ஆடு."

"வீட்டுல வளத்ததா?"

"இல்ல மாமா. நானா நெனச்சு வரஞ்சது."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இப்பம் இருக்கா?"

"எது?"

"ஆடு."

அனிஷா என்னைப் பார்த்தாள். நான் பசை டப்பாவைப் பார்த்தேன்.

"செரி. கும்பிடவும் இல்ல, மாலை போடவும் இல்ல. பின்ன எதுக்காக்கும் ஃபிரேம்?"

"பாக்கதுக்கு மாமா."

"பாத்து?"

"அவ்வளவுதான். பாக்கதுக்கு."

முதலாளி ஒவ்வொரு சட்டமாக வைத்துப் பார்த்துவிட்டு, முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் போடும் வெள்ளைச் சட்டத்தை எடுத்தார். வேறு எந்தச் சட்டமும் அந்த ஆட்டுக்கு ஒத்துவரவில்லை.

வேலை முடிந்து, அவள் வாங்கிப் போக வருகிறவரை அந்தப் படம் சுவரில் தொங்கியது. அப்போது புருஷனுடைய போட்டோவைக் கொண்டுவந்த ஒரு அம்மா, போட்டோவைக் கொடுக்காமலே ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் வழக்கம்போல் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார். "இதுக்கு ஜன்னல் சீட்டு கெடச்சிட்டே. என்னய ஒரு நாளும் அவிய ஜன்னல் பக்கம் உக்கார விட்டதில்ல." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். பிறகுதான் போட்டோவைக் கொடுத்தார். எங்கள் கடையில் அழுகிற படத்தோடு வந்த ஒருவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அனிஷா சொன்ன 'பாக்கதுக்கு' என்கிற வார்த்தை அன்றைக்குக் கொஞ்சம் விளங்கியது.

அதன் பிறகு அவள் தன் படங்களோடு மற்றவர்கள் வரைந்ததையும் கொண்டுவர ஆரம்பித்தாள். எல்லோரும் இப்போது இருக்கிறவர்கள், வயதில் சின்னவர்கள். படம் வரைகிறவர் என்றால் காலண்டருக்குச் சாமி வரைகிறவர் என்று மட்டுமே நினைத்திருந்த எனக்கு, இப்படி ஒரு கூட்டம் இருப்பதே தெரியாது. கொச்சியில் ஒரு பெண். அவள் படத்தில் பூனைகள் கூடையோடு சந்தைக்கு வந்து மீனைப் புரட்டிப் பார்த்து, நேற்றைய மீன் என்று மூக்கைச் சுளிக்கும். சென்னையில் ஒரு பையன். அவன் வரைகிற வீடுகளுக்குக் கால் உண்டு. மழை வந்தால் வீடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்து போகும்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு எதற்கு வேட்டி? ஆனால் கையில் வைத்து வேலை பார்க்கிறபோது பார்க்காமல் இருக்க முடியாதே. ஓரம் தட்டும்போது ஒன்று தெரியும். கண்ணாடி வைக்கும்போது இன்னொன்று தெரியும். அந்தப் பையன் படத்தில் எப்போதும் ஒரு வீடு மட்டும் நனைய மனமில்லாமல் கடைசியில் நிற்கும். கொச்சிப் பெண் வரைகிற மனுஷர்களுக்குக் கழுத்தே இருக்காது. கொஞ்ச நாளில், மூலையில் போட்டிருக்கிற பெயரைப் பார்க்காமலே இது இன்னார் கை என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. நடையை வைத்துத் தெருவில் தூரத்தில் வருகிறவரை அடையாளம் சொல்வோமே, அது போல. ஒரு மழை நாளில் பக்கத்து வீட்டைப் பார்த்து, இது எப்போது மடித்துக் கட்டும் என்று நினைத்தபடி நின்றிருந்தேன். வீட்டுக்காரி கூப்பிட்டது காதில் விழவில்லை.

வீடு நடக்கிற படம் ஒன்றை அனிஷா எனக்குச் சும்மா தந்தாள். வீட்டில் மாட்டினேன். வீட்டுக்காரி இது எந்தச் சாமி என்று கேட்கவில்லை. நான் மாட்டினால் சாமியாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஊதுவத்தி காட்டிவந்தாள். அய்யாவைக் கும்பிடுகிற எங்கள் தாங்கலில் சிலை கிடையாது, படம் கிடையாது. முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்து, தலைப்பாகை கட்டி, அதன் முன்னால் நின்று கும்பிடுகிறவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவன் வீட்டில் வேட்டி கட்டிய வீட்டுக்கு ஊதுவத்தி. நான் தடுக்கவில்லை. அய்யா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆரல்வாய்மொழியில் தாணு அண்ணாச்சி என்று ஒருவர். எண்பதை நெருங்கிய வயது. சுற்றிலும் கரண்டு எடுக்கிற பெரிய காத்தாடிகள் நட்டிருக்கிற ஊர் அது. அங்கே குடை பிடித்து நடப்பது லேசான காரியம் இல்லை. அவர் குடை இல்லாமல் வெளியே இறங்க மாட்டார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகாத வருஷமும் கிடையாது. எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கைக்காரர். சாமி படம் என்றால் எங்களிடம்தான் வருவார். அனிஷா வீட்டுக்கும் பழக்கமானவர், அவள் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

தாங்கலில் அய்யாவின் ஏடு வாசிப்பு என்று லீவு போட்டிருந்தேன். முடிந்து காலையில் கடைக்குப் போனால் முதலாளி மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மேஜையில் ஒரு படம். பழுப்புச் சட்டம். சந்தனச் சீவல் மாலை, கடையில் இருந்ததிலேயே நல்லது. கீழே சிவப்பு பல்பு எரிகிறது. படத்துக்குள் தாணு அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, பனியன். விரித்த குடையைப் பிடித்தபடி காத்தாடிகளுக்கு மேலே, மேகத்துக்கு மேலே, கண்ணைப் பாதி மூடி, சிரித்த முகத்தோடு போய்க்கொண்டிருக்கிறார். பார்த்த உடனே தெரிந்தது, அனிஷாவின் கை.

"தாணு அண்ணாச்சி போயிட்டாரு" என்றார் முதலாளி.

"எப்பம்?"

"நான் கேக்கல. அனிஷாப் பிள்ள முந்தாநாத்து வந்தா. அண்ணாச்சிக்க மக மஸ்கட்டுலேந்து அவசரமா வந்திருக்காளாம். படம் சீக்கிரம் வேணும்னா. பிள்ளைக்குக் கண்ணெல்லாம் செவந்து கெடந்து. பின்ன என்னத்தக் கேக்க?"

நானும் கேட்கவில்லை. கண்ணை மூடி அய்யாவிடம் அண்ணாச்சிக்காக வேண்டிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. அனிஷா.

"மாமா, படம் முடிஞ்சா? தாணு தாத்தாக்கு இன்னைக்கே குடுக்கணும்."

"யாருக்குக் குடுக்கணும்?"

"தாணு தாத்தாக்கு. நாளைக்குத் திருவனந்தபுரத்துல பைபாஸ் ஆபரேஷன்லா. ரெண்டு மட்டம் தேதி குடுத்தும் மாட்டேன்னுட்டாவ. பூனை குறுக்க போச்சு, பல்லி சொல்லிச்சுன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு சகுனம். இந்தத் தடவையும் விட்டா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாராம். மஸ்கட் அக்கா வந்து அழுது சம்மதிக்க வச்சிருக்கா. அப்பா சிரிச்சிட்டே போகட்டும்னுதான் படம் கேட்டா. நான் ரெண்டு ராத்திரி தூங்காம வரஞ்சேன் மாமா. நல்லா வந்திருக்கா?"

நான் பல்பைப் பார்த்தேன். நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"நல்லா வந்திருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தேன். "முதலாளி, அண்ணாச்சி இருக்காரு."

"எங்க?"

"இந்தா, படியேறுகாரு."

உண்மையாகவே ஏறிக்கொண்டிருந்தார். மகள் எதிர்க் கடையில் மருந்து வாங்கிக்கொண்டிருக்க, இவர் காரிலிருந்து இறங்கி வந்துவிட்டார். கையில் துண்டில் சுற்றிய சின்ன முருகன் படம். முதலாளி அவரைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினார். தனக்கு மரியாதை என்று நினைத்து அண்ணாச்சியும் திருப்பிக் கும்பிட்டார்.

"முருகனுக்குக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கு வோய். விரிஞ்ச சாமிய வச்சிட்டு ஆசுவத்திரிக்குப் போகக் கூடாது பாரும். இப்பமே மாத்திக் குடும்" என்றார்.

பிள்ளைகளே, நம் வேலையில் நெருக்கடி என்பது இப்படித்தான் வரும். அவரிடம் ஓடிப்போய் எதையும் விளக்கிச் சொல்ல நேரம் கிடையாது. என் கை ஸ்விட்சுக்குப் போய்விட்டது. ஆனால் எரிகிற விளக்கை அணைத்தால் யாருக்கும் கண் அங்கேதான் போகும். துணியைப் போட்டு மூடலாம். மாலையின் நுனியும் தன் குடையும் மட்டும் அவர் கண்ணில் பட்டுவிட்டால், மீதியை அவர் மனசே வரைந்துகொள்ளும், விடிகிறவரை. விடிந்தால் ஆபரேஷனுக்கு வரமாட்டார். முழுசாகப் பார்க்கட்டும் என்று தோன்றியது. அனிஷா படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு யாரும் போனதை நான் பார்த்ததில்லை. உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை நம்பித்தான் விலகி நின்றேன். வேறு யோசனை வரவில்லை என்பதும் உண்மைதான்.

அண்ணாச்சி பார்த்தார். முருகனை மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நெற்றி வேர்த்துவிட்டது. ஒரு கை நெஞ்சுக்குப் போனது. முதலாளி சுவரோடு சுவராக நின்றார்.

"இது நான்லா" என்றார்.

மாலையைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். பிறகு கண் மெதுவாகப் படத்துக்குள் போனது.

"கொடை என்னோடது. போன ஆடி மாசம் போன கொடை." விரலைக் குடையிலிருந்து காலுக்கு இறக்கி, "காலுல ஒத்தச் செருப்புதான் கெடக்கு. மத்தது எங்க?"

குனிந்து தேடினார். இடது ஓரம் முழுக்க மாலை தொங்கி மறைத்தது. அதை விரலால் நகர்த்தினார். அது திரும்ப வந்து விழுந்தது. "சவத்த மாலை, மறைக்கு" என்று சொல்லி, இரண்டு கொக்கியிலிருந்தும் கழற்றி என் கையில் தந்தார். மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தார்.

அவருடைய மற்றச் செருப்பு ஒரு காத்தாடியின் இறக்கை நுனியில் மாட்டியிருந்தது. அதில் ஒரு காக்கை, திருவிழாவில் ராட்டினம் ஏறினது போல உட்கார்ந்து சுற்றுகிறது. இன்னொரு காக்கை கீழே அடுத்த முறைக்காகக் காத்து நிற்கிறது.

அண்ணாச்சிக்கு இருமல் வந்தது என்று நினைத்தேன். சிரிப்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து முதலாளி பக்கம் திரும்பினார்.

"அப்பம் மாலை எதுக்கு வோய்?"

நான்தான் சொன்னேன். "தப்பு நடந்து போச்சு அண்ணாச்சி. படத்துல மேல போறியளா, நாங்க..."

"போயே போயிட்டேன்னு வச்சிட்டிய."

"ஆமா."

"எப்பம் போனேன்?"

"செவ்வாக்கெழம வாக்குல இருக்கும்னு..." என்றார் முதலாளி.

"துட்டி கேக்க வீட்டுக்கு வரலியே?"

"ஞாயித்துக்கெழமதான் கடை அடைப்பு அண்ணாச்சி. அன்னைக்கு வரலாம்னு இருந்தேன்."

"கொள்ளாம், நல்ல நியாயம். பொணம் ஒமக்கு லீவு வாறவரைக்கும் வாசல்ல கெடக்கணும்." மாலையை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்தார். "சந்தனமா?"

"ஒரிஜினல், அண்ணாச்சி."

"மணக்கு."

மாலையை என் கையில் திரும்ப வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. வெளியே தெருவில் கார் ஹார்ன் கேட்டது, மகள்தான். அண்ணாச்சி அசையவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"உள்ளதச் சொல்லணும். ஆபரேஷனுக்கு முந்தின நாளு மாலை போட்டுப் பாத்தாச்சு. போகலாமா?"

எனக்குச் சகுனம் தெரியாது. பொய்யாக ஆறுதல் சொல்லவும் வராது. என் வேலையில் கண்டது ஒன்று இருந்தது, அதைச் சொன்னேன். "அண்ணாச்சி, இந்தக் கையால எத்தனையோ பேருக்கு மாலை போட்டாச்சு. ஒருத்தராவது 'மறைக்கு'ன்னு சொல்லித் தானே கழத்துனத நான் பாத்ததில்ல. நீங்க கழத்திட்டிய."

அண்ணாச்சி எழுந்து வேட்டியைச் சரி செய்தார். "முருகனுக்குக் கண்ணாடி போடும். அந்தச் செத்தவன் சட்டத்தக் கழத்திட்டு இதுக்கு வேற நல்லதா ஒண்ணு போடும். ரெண்டு பேரயும் ஆசுவத்திரிக்குக் கொண்டு போறேன்." வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "எம் மக கிட்டயும் அந்த வரஞ்ச பிள்ள கிட்டயும் மூச்சு விடப்பிடாது. நான் இந்தப் படத்த இன்னும் பாக்கல. சாயங்காலம்தான் பாக்கப் போறேன். கண்ண எப்பிடி விரிக்கணும், இப்பிடியா?" என்று முதலாளிக்கு விரித்துக் காட்டினார். முதலாளி, இன்னும் கொஞ்சம் என்றார்.

இன்றைக்கு அந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சியே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பிறகு கடையில் முறை மாறியது. துக்கத்தோடு வருகிறவர்களிடம் முதலாளி இன்றும் எதையும் கேட்பதில்லை. ஆனால் வரைந்த படம் வந்தால், யாராக இருந்தாலும், "இது எதுக்காக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுவார். நீங்களும் கேளுங்கள். கேட்டால் குறைந்துபோக மாட்டோம். இன்னொன்று, இந்தப் பிள்ளைகள் வரைகிற படத்தில் ஓரம் என்று ஒரு இடம் கிடையாது. முக்கியமான ஆளை மூலையில்தான் ஒளித்து வைத்திருப்பார்கள். சட்டத்தின் விளிம்பு ஒரு நூல்கூட உள்ளே ஏறாமல் பாருங்கள். வேலைக்கு முன்னால் படத்தை ஒரு தடவை சும்மா பாருங்கள். சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள்.

திருவனந்தபுரத்தில் நடந்ததை அண்ணாச்சியின் மகள் அனிஷாவிடம் சொல்லி, அனிஷா எனக்குச் சொன்னாள். காலையில் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அண்ணாச்சி, "ஏட்டி, வெளிய சும்மா இருந்து கரையாத. இந்தப் படத்துல காக்கா எத்தன இருக்குன்னு எண்ணி வை. நான் முழிச்ச ஒடனே கேப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார். அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். மேகத்தில் ஒன்று, குடையின் மடிப்பில் ஒன்று, அப்பாவின் பனியன் கைக்குள் தலையை நீட்டியபடி ஒன்று. எண்ணி முடித்தால் புதிதாக ஒன்று தெரியும். முதலிலிருந்து எண்ணுவாள். பக்கத்தில் காத்திருந்த வேறு வீட்டுக்காரர்களும் வந்து குனிந்து தேடியிருக்கிறார்கள். மலையாளத்தில் ஒரு கணக்கு, தமிழில் ஒரு கணக்கு. கதவு திறந்ததைக்கூட நர்ஸ் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அவள் பார்த்தாளாம்.

அவர் கண் விழித்ததும் உள்ளே விட்டார்கள். மகள் காதருகில் குனிந்து, "அப்பா, பதினொண்ணு" என்றிருக்கிறாள். வாயில் குழாய் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. தலையை லேசாக இல்லை என்று ஆட்டிவிட்டு, போர்வைக்கு வெளியே ஒரு விரலை நீட்டியிருக்கிறார். இன்னும் ஒன்று இருக்கிறது, போய்த் தேடு என்று.